சாரலில் ஒரு சிவப்புக் கார்

குற்றாலத்தில் சீஸன் வந்துவிட்டால் கூட்டம் கூடுவது அருவிக்காகத்தான். ஆனால் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பேரருவிக்குப் பக்கத்தில் கார்கள் நிற்கும் இடத்தில், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏழெட்டு வாலிபர்கள் நின்றிருந்தார்கள். தலையிலே எண்ணெய் வழிகிறது. தோளிலே ஈரத்துண்டு. இத்தனை பெரிய அருவி பின்னால் இரைந்து கொட்டுகிறதே என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னஞ்சிறு சிவப்புக் காரை!

அவர்களில் ஒருவர் என் அண்ணனிடம் வந்து மிகவும் பவ்யமாகக் கேட்டார்: "சார், இது அசல் ஜே.டி.பி.யா, இல்லே ஸ்டிக்கர் ஒட்டினதா?"

"என்னைக் கேட்காதீங்க தம்பி. அந்தா, ரம்புட்டானுக்குப் பேரம் பேசிக்கிட்டு நிக்காங்களே, அவங்களைக் கேளுங்க. வண்டி அவங்களோடது" என்றான் அண்ணன்.

வாலிபர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நூல் சேலையும், தலையில் ஒரு துண்டுமாக, கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்தாலொழிய நகர்வதில்லை என்ற தீர்மானத்துடன் நின்றிருந்தார் என் மதினி.

சீஸனைப் பற்றி எழுதி வா என்றுதான் ஆசிரியர் என்னை அனுப்பினார். அருவி, சாரல், குரங்கு எல்லாவற்றையும் பற்றி எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும்போது அந்த நோட்டு முழுவதும் இந்தக் காரைப் பற்றித்தான் இருந்தது. ஆசிரியர் மன்னிப்பாராக, நேயர்களும் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு வழக்கு

என் மதினி தென்காசியில் கணக்கு டீச்சர். 2019ஆம் வருஷம் சொந்தச் சம்பாத்தியத்தில், வீட்டில் யாரையும் கேட்காமல், இந்தக் காரை வாங்கினார். பார்த்த மாத்திரத்தில் தெருவிலே ஓடும் சாதாரண டாடா டியாகோ மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பானெட்டின்மேல் மூச்சுவிடுவதற்கு இரண்டு துவாரங்கள், முன்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் ஒரு துவாரம், கறுப்புக் கூரை, பின்னால் இரட்டைப் புகைக்குழாய், உள்ளே சிவப்பு நூலால் தைத்த இருக்கைகள். பின்கதவிலே ஜே.டி.பி. என்று மூன்று எழுத்து. 'ஜெயம் டாடா பெர்ஃபார்மன்ஸ்' என்பதன் சுருக்கம் அது.

இந்த மூன்றெழுத்தால்தான் வீட்டில் வழக்கு. இந்தக் கார் ஏறத்தாழ ஒன்றரை வருஷம்தான் விற்பனையில் இருந்தது. இனிமேல் புதிதாகக் கிடைக்காது. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒன்று எங்கேயாவது இருக்கிறது என்று தெரிந்தால், மோட்டார்ப் பித்தர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல விலை சொல்லி, வாரத்துக்கு இரண்டு முறை டெலிபோன் செய்துகொண்டிருந்தார். "வித்துட்டு, உயரமா, பெருசா ஒண்ணு வாங்கிருவோம், அஞ்சு பேரும் தாராளமா உட்காரலாம்" என்பது அண்ணனின் கட்சி. எட்டாவது படிக்கும் என் மருமகள் அம்மாவின் கட்சி.

மதினியின் தாயார், எங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்குமே 'ஆச்சி', மூன்றாவது கட்சி. "பந்தயத்துல ஓடுற வண்டி குடும்பத்துக்கு எதுக்கு? பாஞ்சு போறதுக்கு நமக்கென்ன அவசரம்?" என்பது அவர் கேள்வி.

ஆச்சி இதைச் சும்மா கேட்கவில்லை. அவருடைய கணவர் செங்கோட்டை மலைவழியாகக் கொல்லத்துக்கு லாரி ஓட்டியவர். முப்பது வருஷம், இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும், தூரத்தில் லாரிச் சத்தம் கேட்கிறதா என்று திண்ணையில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தவர் ஆச்சி. கணவர் கடைசிவரை சௌக்கியமாக வீடு வந்து சேர்ந்தார். வயதாகிப் படுக்கையில்தான் காலமானார். ஆனாலும் அந்தக் காத்திருப்பு ஆச்சியை விட்டுப் போகவில்லை. வேகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும்.

"நீ பேப்பர்ல எழுதுறவதானட்டி? விசாரிச்சு ஒரு தீர்ப்புச் சொல்லு" என்று மதினி என்னிடம் வழக்கை ஒப்படைத்தார். விசாரித்தேன்.

கோயம்புத்தூர்ச் சரக்கு

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் நேற்று முளைத்ததல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. 1950களிலேயே அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதையே வந்துவிட்டது.

பாதை சென்னைக்கு அருகே என்றால், பட்டறை கோயம்புத்தூரில்! பஞ்சாலைக்கு யந்திரம் செய்த ஊருக்குப் பந்தயக் கார் செய்வது பெரிய காரியமா? எஸ். கரிவரதன் என்ற தொழிலதிபர், தாமே பந்தயத்தில் ஓட்டியவர், 1980களின் கடைசியில் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கினார். நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் அதே குட்டி எஞ்சின்தான் அதற்கும். வெளிநாட்டுக் கார் வாங்கப் பணமில்லாத பிள்ளைகளும் பந்தயம் பழக வேண்டும் என்பது நோக்கம். அப்படிப் பழகியவர்களில் ஒருவர்தான், 2005இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன நரேன் கார்த்திகேயன். அவரும் கோயம்புத்தூர்க்காரரே. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகில் செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்றைக்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீட்டுக் காரின் எஞ்சின் பந்தயத்துக்குப் போன கதை இது. மதினியின் கார் அதற்கு மறுபக்கம். பந்தயத்தில் கற்ற பாடம் வீட்டுக் காருக்குத் திரும்பி வந்த கதை!

அதே கோயம்புத்தூரில் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் என்ற ஸ்தாபனம் இருக்கிறது. அதை நடத்தும் ஜெ. ஆனந்த் பந்தயங்களில் கலந்துகொண்டவர். 2017இல் டாடா மோட்டார்ஸும் ஜெயமும் சரிபாதிப் பங்கு போட்டு, 'ஜே.டி. ஸ்பெஷல் வெஹிக்கிள்ஸ்' என்ற கூட்டுக் கம்பெனியைத் தொடங்கின. சாதாரணக் குடும்பக் கார்களை எடுத்து, அவற்றுக்குப் பந்தயக் குணம் ஊட்டி விற்பது என்பது ஏற்பாடு. 2018 பிப்ரவரியில் டில்லிக்கு அருகே நடந்த மோட்டார்க் கண்காட்சியில் டியாகோவும் அதன் உடன்பிறப்பான டிகோரும் ஜே.டி.பி. வேஷத்தில் வந்து நின்றன. அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. டியாகோ ஜே.டி.பி.யின் டில்லி விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்.

இந்த விலையில் விசேஷம் இருக்கிறது. 2016இல் வோக்ஸ்வாகன் கம்பெனி போலோ ஜி.டி.ஐ. என்ற வேகமான சின்னக் காரை இந்தியாவுக்கு 99 மட்டும் என்று எண்ணிக் கொண்டுவந்தது. விலை ஏறத்தாழ 26 லட்சம்! அது சீமான் வீட்டுப் பிள்ளைக்கு. நம் கோயம்புத்தூர்க் காரோ ஒரு கணக்கு டீச்சர் சம்பளத்துக்குள் அடங்கியது.

ஊதாங்குழல்

"அப்படி என்னதான் செஞ்சிருக்காங்க இதுல?" என்று கேட்டேன். மதினி கணக்கு டீச்சர் என்றாலும் விளக்கம் அடுக்களையிலிருந்துதான் வந்தது.

"விறகடுப்பு எரியலேன்னா ஆச்சி என்ன செய்வாக? ஊதாங்குழலை எடுத்து ஊதுவாக. காத்து கூடுனா தீ கூடும். அவ்வளவுதான்."

சாதாரண டியாகோவின் எஞ்சின், தன்னால் இழுக்க முடிந்த அளவு காற்றைத்தான் இழுத்துக்கொள்ளும். இந்தக் காரில் 'டர்போ' இருக்கிறது. எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் தண்டிலேயே மாட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலக்கூடிய சக்கரம் அது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலையும் கூட எரிக்கலாம். பலம் கூடுகிறது.

சாதாரண டியாகோ பெட்ரோல் காருக்கு 85 குதிரைத் திறன், இதற்கு 114. இரண்டிலும் எஞ்சினின் கொள்ளளவு ஒன்றே: 1,199 சி.சி., மூன்று சிலிண்டர். அதே அடுப்பு, அதே விறகு, ஊதாங்குழல்தான் கூடுதல். நின்ற இடத்திலிருந்து பத்து விநாடிக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும் என்பது கம்பெனிக் கணக்கு.

ஆனால் பந்தயக்காரர்களின் கைவண்ணம் அங்கே முடியவில்லை. பலத்தை மட்டும் கூட்டி விட்டுவிட்டால், அடக்கத் தெரியாத காளையை வண்டியில் பூட்டிய கதையாகிவிடும். ஆகவே ஸ்பிரிங்குகளை இறுக்கி, வண்டியை நான்கு மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். 15 அங்குலச் சக்கரத்தில் அகலமான டயர் போட்டார்கள். கியர்ப் பற்களின் விகிதத்தை மாற்றினார்கள். ஸ்டீரிங் கைக்குச் சொல்லும் சேதி தெளிவாக இருக்கும்படி திருத்தினார்கள். டிரைவருக்கு ஒரு பொத்தானும் வைத்தார்கள். ஊருக்குள் 'சிட்டி', வெளியே 'ஸ்போர்ட்'.

நான்கு மில்லிமீட்டர் என்பது சில நாணயங்களை அடுக்கிய கனம்தான். அதற்கும் ஒருவன் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறான் பாருங்கள்! பந்தயத்தில் பழகியவர்களின் குணம் அது.

ஜெயித்தவள் ஒரு பெண்

சின்னக் காருக்குப் பந்தய வித்தை சொல்லிக்கொடுப்பது உலகத்தில் புதிதல்ல. 1959இல் இங்கிலாந்தில் 'மினி' என்ற கார் வந்தது. அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, குருவிக்கூடு போன்ற வண்டிக்குள் நான்கு பேர் உட்கார இடம் கண்டுபிடித்தார். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

ஜான் கூப்பர் என்பவர் பந்தயக் கார் செய்பவர். அவருடைய கார்கள் 1959லும் 1960லும் உலகப் பட்டம் வென்றவை. அவர் இந்த மினியைப் பார்த்தார். வளைவுகளில் இது எப்படிப் பற்றிக்கொண்டு ஓடுகிறது என்பதைக் கவனித்தார். 1961இல் 'மினி கூப்பர்' பிறந்தது. 34 குதிரைத் திறன் 55 ஆயிற்று. முதலில் ஆயிரம் கார்கள் என்று திட்டம். ஏன் ஆயிரம்? கடையில் விற்கும் காருக்கான பந்தயத்தில் ஒரு கார் கலந்துகொள்ள வேண்டுமானால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதைப் பொதுஜனங்களுக்கு விற்க வேண்டும் என்பது விதி. 'கொஞ்சமாகச் செய்த கார்' என்ற ஜாதி பல இடங்களில் உண்டானதற்கு இந்த விதியே காரணம்.

அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967ஆம் வருஷங்களில் மான்டி கார்லோ மலைப் பந்தயத்தில் பெரிய பெரிய கார்களை எல்லாம் தோற்கடித்தது. இது பலருக்கும் தெரிந்த விஷயம். அதற்கும் முன்பே, 1962இல் ஹாலந்து தேசத்து டூலிப் பந்தயத்தில் மினி கூப்பருக்கு முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தவர் யார் தெரியுமோ? பாட் மாஸ் என்ற பெண்மணி. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் ஆன் விஸ்டம். அவரும் பெண்ணே!

இதை நான் படித்துச் சொன்னபோது மதினி ஒன்றும் சொல்லவில்லை. ரம்புட்டான் தோலை உரித்து ஒரு பழத்தை என் கையில் வைத்தார். சாட்சி அவர் கட்சிக்கு அனுகூலம் என்று அர்த்தம்.

புளியரை வளைவு

ஆனால் வழக்கு ஆச்சியிடம் அல்லவா ஜெயிக்க வேண்டும்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு ஐயப்பனைத் தரிசிக்க வேண்டும் என்றார் ஆச்சி. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, கேரள எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். ஆச்சியின் கணவர் முப்பது வருஷம் ஓட்டிய அதே பாதை. ஐந்து பேரும் சிவப்புக் காரிலேயே கிளம்பினோம். நான், ஆச்சி, மருமகள் மூவரும் பின்னால். அண்ணன் முன்னால், 'இடம் போதவில்லை' என்பதை நிரூபிக்கும் பொருட்டு முழங்காலை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தான்.

தென்காசிக் கோபுரம் பின்னால் மறைந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. மழை என்று சொல்ல முடியாது. பன்னீர் தெளிப்பதுபோல் மலைக்காற்று கொண்டுவந்து தெளிக்கும். உடம்புக்குச் சுகம், சாலைக்கு ஆபத்து. பெருமழை பெய்தால் தெருவைக் கழுவிவிடும். சாரலோ தூசியையும் எண்ணெயையும் குழைத்து மெழுகிவிடுகிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு இது தெரிந்திருக்கிறது. தேனருவியின் நீர் எழும்பி வானத்துச் சாலையையே நனைத்துவிட, சூரியனுடைய தேரும் குதிரையும் அங்கே சறுக்குகின்றன என்பது அவர் கற்பனை. சூரியன் தேருக்கே அந்தக் கதி என்றால் மனிதர்கள் காருக்குக் கேட்க வேண்டுமா?

புளியரையைத் தாண்டியதும் மலை. ஆங்கில எழுத்து 'எஸ்' மாதிரி வளைந்து நெளிந்து ஏறும் சாலை. எதிரும் புதிருமாகப் பாரம் ஏற்றிய லாரிகள். எங்களுக்கு முன்னால் பெரிய கார் ஒன்று, வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதிப்பதும், உடம்பைச் சாய்ப்பதும், நிமிர்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது. மதினியோ ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, உள்ளே நுழைந்ததும் காலையும் கையையும் அசைக்காமல் அமைதியாக இருந்துவிடுவார். சாலை நேராகத் தெரிந்த பிறகுதான் மிதிப்பார். மருமகள் மடியில் திறந்து வைத்திருந்த ரம்புட்டான் பையிலிருந்து ஒரு பழம்கூட உருளவில்லை.

"பந்தயக்காரங்க இப்படித்தான் ஓட்டுவாகளாம்" என்றாள் மருமகள். "வளைவுக்கு வெளிய பிரேக்கு, வளைவுக்கு உள்ள பொறுமை."

மூன்றாவது வளைவோ நான்காவதோ. எதிரே இறங்கிய லாரி ஒன்று வளைவை அடக்கமாகத் திருப்பாமல் எங்கள் பக்கத்துக்குள் பாதி வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்; இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வண்டி ஒரு தரம் அழுத்தமாக மூக்கைத் தாழ்த்தியது. பெடலுக்கடியில் கடகடவென்று சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். துடிக்கிற சத்தம். கார் இடது ஓரமாக, கோடு கிழித்ததுபோல் விலகிப் போய் நின்றது. சறுக்கவில்லை, அலைபாயவில்லை. லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து போயிற்று. அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார்.

யாரும் பேசவில்லை. மதினியின் கை மட்டும் ஸ்டீரிங்மேல் லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி கேட்டார்:

"ஏட்டி, திரும்பி வரும்போது இந்த இறக்கத்துல எந்தக் கியர்ல இறங்குவ?"

"ஏறுன கியர்லதான் இறங்கணும்னு அப்பா சொல்லியிருக்காகல்ல? அதுலதான்."

ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதுவரை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்த அவர் விரல்கள் தளர்ந்துவிட்டன.

நேயர்களே, இந்த வழக்கில் என் தீர்ப்பு அந்த வளைவிலேயே எழுதப்பட்டுவிட்டது. பந்தயம் வேகத்தை வளர்க்கிறது; வாஸ்தவம். ஆனால் வேகத்தில் போகிறவனுக்குத்தான் நிற்பதும் திரும்புவதும் எவ்வளவு அவசியம் என்று தெரிகிறது. பந்தயத்திலிருந்து குடும்பக் காருக்கு வந்து சேர வேண்டிய சீதனம் குதிரைத் திறன் அல்ல. சொன்ன பேச்சைக் கேட்கும் குணம்தான். அந்தக் குணமும் காரில் பாதிதான். மீதிப் பாதி ஓட்டுகிறவரிடம் இருக்கிறது.

ஏன் நின்றுபோயிற்று?

இவ்வளவு நல்ல கார் ஏன் நிலைக்கவில்லை? 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி தேசம் முழுவதும் அமலுக்கு வந்தது. அதற்கேற்றபடி எஞ்சினைத் திருத்துவதென்றால் பெரும் செலவு. ஆயிரக்கணக்கில் மாதந்தோறும் விற்கும் காருக்குக் கட்டுப்படியாகும். அபூர்வமாக விற்கும் காருக்கு ஆகாது. ஜே.டி.பி. கார்கள் புதிய விதிக்கு மாறி வரவில்லை. அதே வருஷத்தில் கூட்டுக் கம்பெனியையும் முடித்துக்கொள்வது என்று இரு தரப்பும் தீர்மானித்தன.

அபூர்வமாக விற்றதற்கு நம் பங்கும் உண்டு. கார் வாங்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்பது. தப்பில்லை; மாதச் சம்பளக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "எப்படி நிற்கும்? எப்படித் திரும்பும்?" என்று இரண்டாவது மூன்றாவது கேள்வியாகவாவது கேட்கிறோமா? புடவைக் கடையில் சாயம் போகுமா, கரை சுருங்குமா என்று பத்துக் கேள்வி கேட்கும் நாம், உயிரை ஏற்றிச் செல்லும் வண்டியிடம் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கோயம்புத்தூருக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1952இலேயே இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, விலை இரண்டாயிரம் ரூபாய் என்றார். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது நின்றுபோயிற்று என்று சொல்வார்கள். அன்றைக்கு அனுமதி இல்லை. இன்றைக்கு ஆள் இல்லை.

இத்தகைய காரைப் பழையதாக வாங்க நினைக்கும் நேயர்களுக்கு மதினி சொன்ன யோசனைகளைக் குறித்து வந்திருக்கிறேன். டர்போ உள்ள எந்தக் காருக்கும் பொருந்தும்:

மலையேறி வந்து நிறுத்தியவுடன் சட்டென்று எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஊதாங்குழல் சூடாக இருக்கும். எண்ணெய் ஓடித்தான் அதைக் குளிர்விக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெயைக் காலம் தவறாமல், குறிப்பிட்ட தரத்திலேயே மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் பிறகு பத்து மடங்காகக் கொடுக்க நேரும்.

டயர் தேய்ந்திருந்தால், எஞ்சின் எத்தனை நன்றாக இருந்தாலும் அது நல்ல கார் அல்ல. காருக்கும் சாலைக்கும் உள்ள உறவு நான்கு உள்ளங்கை அகலம்தான்.

பாகங்களில் எவை சாதாரணக் காருக்கும் பொது, எவை இதற்கே உரியவை என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். துவாரம் வைத்த பானெட் இதற்கு மட்டுமே உரியது. ஆகவே யாரையும் இடிக்காமல் ஓட்டுவதே உத்தமம் என்கிறார் மதினி!

பொதுச் சாலையில் பந்தயம் வேண்டவே வேண்டாம். ஆசை இருந்தால் அதற்கென்றே பாதை இருக்கிறது. அங்கே போய் ஓட்ட வேண்டும்.

தீர்ப்பு

தரிசனம் முடிந்து இறங்கும்போது சாரல் விட்டிருந்தது. பிரானூர் பார்டரில், பரோட்டாக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். இலையைப் போட்டுச் சால்னாவை ஊற்றும் நேரம் பார்த்து அண்ணனுடைய டெலிபோன் மணி அடித்தது. அதே வெளியூர்க்காரர். இன்னும் இருபதாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மதினியைப் பார்த்தேன். மதினி தலை குனிந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க கொடுய்யா" என்று கையை நீட்டினார் ஆச்சி.

டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்: "ஐயா, வண்டி இப்ப ஓட்டத்துல இருக்கு. குத்தாலத்துல சீஸன் முடியட்டும், பொறவு பேசுங்க."

டெலிபோனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு இன்னொரு பரோட்டா வைக்கச் சொன்னார்.

எந்த வருஷத்துச் சீஸன் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. ஆச்சியும் சொல்லவில்லை.